பெட்ரோல் சோலனாய்டு வால்வு கை வைக்க முடியாமல் சுடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கார்பரேட்டர் வண்டி வைத்திருக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் திருவொற்றியூரில் தயாரான வண்டி. அதனால் பழைய புல்லட்டை விற்க மனசு வராதவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களில் பலர் பெட்ரோல் டேங்குக்குக் கீழே 12 வோல்ட் வால்வு ஒன்றை மாட்டுகிறார்கள். மாட்டிய கொஞ்ச நாளில், "வால்வு நெருப்பா கொதிக்குதுண்ணே" என்று வருகிறார்கள். ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை எல்லாம் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

இது என்ன வால்வு? எந்த வண்டியில் இருக்கும்?

டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’ என்ற திருகை நாம் கையால் திருப்புகிறோம். அந்த வேலையைக் கரண்ட் செய்தால் அதுதான் சோலனாய்டு வால்வு. உள்ளே ஒரு காயில் (செம்புக் கம்பிச் சுருள்), நடுவில் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டு, அதன் நுனியில் ரப்பர். சாவி போட்டால் காயில் காந்தமாகி பிளஞ்சரை இழுக்கும், வழி திறக்கும். சாவியை எடுத்தால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும்.

நம் ஊர் பைக்குகளில் கம்பெனியே இதை மாட்டித் தந்தது அபூர்வம். இத்தாலிக்காரர்களின் மோட்டோ குஸ்ஸியில் சில பழைய மாடல்களில் உண்டு. நமக்கு நன்றாகப் பழக்கமான உறவுக்கார வால்வு காஸ் கிட் போட்ட கார்பரேட்டர் கார்களில் இருக்கும். காஸில் ஓடும்போது பெட்ரோலை அடைக்க ஒன்று, பெட்ரோலில் ஓடும்போது காஸை அடைக்க ஒன்று. பைக்கில் மாட்டப்படுவதில் பாதி அந்தக் கிட்டில் இருந்து கழற்றியதுதான்.

"பத்து நிமிஷத்துல கை வைக்க முடியல. வால்வு போயிடுச்சா?"

பெரும்பாலும் இல்லை. வால்வு திறந்திருக்கும் நேரம் முழுக்கக் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிளஞ்சரை ஒருமுறை இழுத்த பிறகு வெளியே எந்த வேலையும் நடப்பதில்லை, உள்ளே போகும் கரண்ட் மொத்தமும் சூடாக மாறுகிறது. எவ்வளவு சூடு என்பது காயிலின் ஓமையும் (கரண்டைத் தடுக்கும் அளவு) பேட்டரியின் வோல்ட்டையும் பொறுத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஓம் காயில் என்றால் 12 வோல்ட்டில் 1.2 ஆம்ப் இழுக்கும், 14.4 வாட் சூடு. வண்டி ஓடும்போது சார்ஜிங் 14.2 வோல்ட் இருந்தால் அதுவே 20 வாட். சாலிடரிங் அயர்னில் சின்னது 25 வாட்தான். தீப்பெட்டி அளவு உடம்பில் 20 வாட்டைப் போட்டால் அது சுடாமல் என்ன செய்யும்?

மனிதக் கைக்கு 50 டிகிரி வரை தாங்கும். 60 டிகிரியில் ஓரிரு நொடியில் கையை எடுத்துவிடுவோம். எனவே "கை வைக்க முடியலை" என்றால் 60-ஐத் தாண்டியது என்று மட்டும் அர்த்தம். தொடர்ந்து ஓடுவதற்கென்று செய்த காயில் வெளியே 70, 80 டிகிரியில் நாள் முழுக்க நிற்கும், ஒன்றும் ஆகாது. காயில் ஒயரின் மேல் உள்ள இன்சுலேஷனுக்குத் தர வரிசை உண்டு: பி கிளாஸ் என்றால் 130 டிகிரி, எஃப் என்றால் 155, எச் என்றால் 180. நல்ல காயிலின் லேபிளிலேயே அந்த எழுத்து இருக்கும். லேபிளே இல்லாத காயில் என்றால் நான் அதை ஏ கிளாஸ், 105 டிகிரி என்று எடுத்துக்கொண்டுதான் பேசுவேன்.

கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு: வார்னிஷ் கருகும் வாடை, காயில் மேல் பிளாஸ்டிக் பழுப்பாகி விரிவது, தண்ணீர்ச் சொட்டு விட்டால் சுர்ரென்று கொதித்துப் போவது. இதில் ஒன்று தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள்.

உள்ளே எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டர் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். மல்டிமீட்டர் ஒன்று போதும். செம்புக் கம்பி ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஓம் கூடும். அதையே தெர்மாமீட்டராக வைத்துக்கொள்ளலாம்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் காயிலின் இரண்டு ஒயரையும் கழற்றி ஓம் பாருங்கள். 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம், வெளியே 32 டிகிரி. பிறகு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சாவியை எடுத்த கையோடு மறுபடி அளந்தால் 12.3 ஓம் காட்டுகிறது. 23 சதவீதம் கூடியிருக்கிறது. 0.23-ஐ 0.0039-ஆல் வகுத்தால் 59. அதாவது காயில் 59 டிகிரி ஏறியிருக்கிறது. 32-ஐச் சேர்த்தால் உள்ளே ஏறக்குறைய 90 டிகிரி. பி கிளாஸ் காயிலுக்கு இது சாதாரணம். பெயர் தெரியாத காயிலுக்கு எல்லைக்குப் பக்கம்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் 0.3, 0.4 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கழித்து, இன்னொரு தடவை கழிக்காமல் விட்டால் 10 ஓம் காயிலில் அது எட்டு, பத்து டிகிரி வித்தியாசம் காட்டிவிடும்.

சூடான பிறகு ஓம் கூடுவதற்குப் பதில் குறைந்தால், அல்லது புதிதில் 10 ஓம் இருந்தது இப்போது குளிர்ந்த நிலையிலேயே 7 ஓம் காட்டினால், உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்துவிட்டன. அந்தக் காயிலுக்கு இனி வைத்தியம் கிடையாது.

"எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் கியூவுல நின்னாதான் வண்டி இழுவை போய் ஆஃப் ஆவுது. பீச் ரோட்ல போனா ஒண்ணும் இல்ல." ஏன்?

இதுதான் உண்மையான பிரச்சினை. மற்றவர்கள் கவலைப்படும் தீவிபத்தைவிட இதுதான் தினமும் நடக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் மூன்று விஷயங்கள் வால்வைக் குளிர வைக்கின்றன: முகத்தில் அடிக்கும் காற்று, டேங்கிலிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோல், இன்ஜின் சூடு பின்னால் போய்விடுவது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்க, நடுவே மாட்டிக்கொண்டு ஐடிலில் நின்றால் மூன்றும் போய்விடும். காற்று இல்லை, ஐடிலில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத்தான் நகர்கிறது, சிலிண்டர் ஹெட்டின் சூடு நேராக மேலே ஏறுகிறது. காயில் மட்டும் தன் 15, 20 வாட்டைக் குறைக்காமல் போட்டுக்கொண்டே இருக்கிறது. மே மாதக் கத்திரியில் வெளியே 40 டிகிரி இருக்கும் மத்தியானம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெட்ரோல் ஒரே ஒரு திரவம் இல்லை, பல சரக்கு கலந்தது. அதில் லேசான பகுதி 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். வால்வின் உள் துளை 2, 3 மில்லிமீட்டர்தான். அந்தச் சூடான சந்தில் பெட்ரோல் தங்கித் தங்கிப் போகும்போது குமிழி கட்டும். டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலுக்கு அழுத்தம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒரு குமிழி வழியை மறித்தால் நின்றுவிடும். கார்பரேட்டரின் மிதவை அறையில், அதாவது அதன் அடியில் பெட்ரோல் தங்கும் சின்னக் கிண்ணத்தில், இருப்பது தீரும்வரை வண்டி ஓடும், பிறகு இழுவை போய் நிற்கும். ஓரம் கட்டி கால்மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் போனால் பிளக், கார்பரேட்டர், சிடிஐ என்று வரிசையாக மாற்றுவார், அடுத்த கியூவில் மறுபடி நிற்கும்.

உறுதி செய்வது சுலபம். நின்றுபோன அந்த நிமிஷத்திலேயே பெட்ரோல் டியூபைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற டியூபாக இருந்தால் குமிழி தெரியும். இல்லையென்றால் ஈரத்துணியை வால்வு மேல் சுற்றி இரண்டு நிமிஷம் வையுங்கள். ஸ்டார்ட் ஆனால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. துணியில் தண்ணீர் சொட்டக் கூடாது, காயில் ஒயர் மேல் படவும் கூடாது.

டியூப் போகும் பாதையையும் கவனியுங்கள். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை ஒரே இறக்கமாக இருந்தால் குமிழி தானே மேலேறி டேங்குக்குள் போய்விடும். வால்வு மாட்டுவதற்காக டியூபை நீளமாக விட்டு, வளைத்து, மேடும் பள்ளமுமாகச் செருகியிருந்தால் மேட்டில் குமிழி உட்கார்ந்துகொள்ளும். நான் பார்க்கிற வண்டிகளில் பலவற்றுக்கு வைத்தியம் வால்வில் இல்லை, டியூபை வெட்டிச் சின்னதாக்குவதில் இருக்கிறது.

இந்தச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளாதா?

சூட்டினால் மட்டும் பற்றாது. பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்க ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் வேண்டும். காயில் அந்தச் சூட்டுக்குப் போவதற்கு வெகு முன்னால் கருகிச் செத்துவிடும். உங்கள் வண்டியின் சைலன்சர் வளைவு இதைவிடப் பல மடங்கு ஆபத்தான இடம்.

ஆனால் தீப்பொறி வேறு கதை. பெட்ரோல் ஆவி பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியிலும் பொறி பட்டால் பிடிக்கும். எனவே பயப்பட வேண்டியது கசிவும் லூஸ் கனெக்‌ஷனும் ஒரே இடத்தில் சேருவதைப் பார்த்து. வால்வுக்குப் பக்கத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஒயர் ஜாயின்ட், அதற்கு மேலே கிளிப் போடாத டியூப்: இதை மட்டும் என் கண்ணில் காட்டாதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியை எடுத்து, கையால் காக்கை மூடி, தள்ளிக்கொண்டு போங்கள். எங்கே கசிகிறது என்று பார்க்கச் செல்போன் டார்ச் போதும், தீக்குச்சி கிழித்துப் பார்த்த புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

பாட்டரி பக்கத்திலேயே 3 ஆம்ப் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம். ஒன்றரை ஆம்ப் இழுக்கிற காயிலுக்கு அது போதும். ஃப்யூஸ் போனால் 10 ஆம்ப் போடாதீர்கள், ஏன் போனது என்று பாருங்கள்.

முன்பு இல்லாத சூடு, இப்போது புதிதாக வருகிறது. வால்வை மாற்றவா?

முதலில் சார்ஜிங் வோல்ட்டைப் பாருங்கள். இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி வைத்து பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையர் போய்விட்டால் 15, 16 என்று ஏறும். சூடு வோல்ட்டோடு நேராக ஏறுவதில்லை, வர்க்கமாக ஏறும். 12 இருந்த இடத்தில் 14.4 வந்தாலே 44 சதவீதம் சூடு கூடிவிடும். 16 வந்தால் 78 சதவீதம். ஹெட்லைட் பல்பு அடிக்கடி போவது, பேட்டரி பொங்குவது, வால்வு கொதிப்பது மூன்றும் சேர்ந்து வந்தால் ரெக்டிஃபையரைத்தான் மாற்ற வேண்டும்.

"ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின தண்ணி வால்வு, 12 வோல்ட்தான். பைக்குக்குப் போடலாமா?"

வேண்டாம். இதற்கு மூன்று காரணம், மூன்றுமே தனித்தனியாகவே போதுமானவை.

முதலில் அழுத்தம். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வரும் அந்த 12 வோல்ட் தண்ணீர் வால்வுகள் பெரும்பாலும் பைலட் வகை. காயில் சின்ன ஓட்டையை மட்டும் திறக்கும், பெரிய ரப்பர் தட்டைத் தூக்குவது தண்ணீரின் அழுத்தம். அதற்குக் குறைந்தது 0.2 பார் வேண்டும் என்று அந்த வால்வின் விவரத்திலேயே இருக்கும். பெட்ரோல் டேங்கு கார்பரேட்டருக்கு மேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.02 பார். பத்தில் ஒரு பங்கு. காயில் டக்கென்று அடிக்கும், சூடாகும், பெட்ரோல் மட்டும் வராது. அல்லது ஐடிலுக்குப் போதுமான அளவு ஒழுகி, வேகம் எடுத்தால் நின்றுவிடும். இதை வைத்துக்கொண்டு கார்பரேட்டரை நாலு தடவை பிரித்தவர்கள் உண்டு.

இரண்டாவது ரப்பர். தண்ணீருக்குப் போடும் இபிடிஎம் ரப்பரைப் பெட்ரோல் ஊற வைத்து உப்ப வைத்துவிடும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், சாதாரண நைட்ரைல் ரப்பரும் அதில் நாளடைவில் தளர்கிறது. பெட்ரோலுக்கு விட்டான் ரப்பர்தான் சரி. உப்பின ரப்பர் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும், சாவி எடுத்தாலும் வால்வு மூடாது. நீங்கள் மூடியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, அந்தக் காயில்கள் விட்டு விட்டு வேலை செய்யச் செய்தவை. துணி துவைக்கும் மெஷினில் தண்ணீர் நிரம்ப இரண்டு நிமிஷம், பிறகு ஓய்வு. உள்ளே ஓடும் தண்ணீரும் அதைக் குளிர வைக்கும். நீங்கள் அதை மணிக்கணக்கில் போட்டு வைக்கிறீர்கள்.

ஆர்ஓ மெஷினில் இருந்து கழற்றுவது இன்னும் மோசம். அவை 24 வோல்ட். 12 வோல்ட்டில் சூடு குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இழுவையும் அரைகுறை.

கடையில் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: டைரக்ட் ஆக்டிங் (காயிலே நேராக வழியைத் திறப்பது), ஜீரோ பிரஷரில் திறப்பது, 12 வோல்ட் டிசி (பேட்டரி கரண்ட்), நார்மலி குளோஸ்டு (கரண்ட் இல்லாதபோது மூடியிருப்பது), விட்டான் சீல், 100 சதவீத டியூட்டி (ஓய்வில்லாமல் போட்டு வைக்கக்கூடியது). ஆறும் சொல்லும்போது கடைக்காரர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பார்க்கட்டும். வீட்டுக் கரண்டில் ஓடும் 230 வோல்ட் ஏசி காயிலைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. கார்பரேட்டரில் இருந்து டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, சாவி போட்டு ஒரு நிமிஷம் பிடியுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. 350 சிசி வண்டி முழுத் திராட்டிலில் மணிக்குச் சுமார் 6 லிட்டர் குடிக்கும், அதாவது நிமிஷத்துக்கு 100 மில்லி. டேங்கில் ரிசர்வ் அளவு மட்டும் இருக்கும்போது 200 மில்லி வந்தால் நிம்மதி. 120, 130 வந்தால் பைபாஸில் முறுக்கும்போது திணறும்.

பிளஞ்சர் சிக்கிக்கொண்டால் கூடுதலாகச் சுடுமா?

டிசி காயிலில் சுடாது. திறந்தாலும் சிக்கினாலும் அதே ஓம், அதே கரண்ட், அதே சூடு. ஏசி காயிலுக்குத்தான் அந்த வியாதி. எனவே "சுடுகிறதே, அப்போ வேலை செய்கிறது" என்ற முடிவுக்கும் வராதீர்கள். சாவி போடும்போது டக் என்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

சரி, சூட்டைக் குறைக்க என்னதான் வழி?

பிளஞ்சரை இழுக்க முழு பலம் வேண்டும். இழுத்து ஒட்டிய பிறகு அதைப் பிடித்து வைக்க அதில் பாதி வோல்ட் தாராளம். எல்லா நல்ல வழியும் இந்த ஒரு உண்மையில் இருந்துதான் வருகிறது.

சுத்தமான வழி, முதலில் முழு வோல்ட் கொடுத்து அரை நொடியில் தானே குறைத்துக்கொள்ளும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு. பீக் அண்ட் ஹோல்டு போர்டு என்று கேட்டால் சோலனாய்டு டிரைவர் விற்கிற கடைகளில் புரியும். தண்ணீர் புகாத மாதிரி மூடி, சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம்.

போர்டு கிடைக்கவில்லை, சாலிடரிங் தெரியும் என்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது. காயிலோடு வரிசையில் அதே ஓமுக்கு ஒரு சிமென்ட் ரெசிஸ்டர், அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10,000 மைக்ரோ ஃபேரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர். சாவி போட்ட நொடியில் கெப்பாசிட்டர் வழியாக முழு வோல்ட்டும் காயிலுக்குப் போகும், பிளஞ்சர் ஏறும். கெப்பாசிட்டர் நிரம்பியதும் ரெசிஸ்டர் பாதி வோல்ட்டைத் தன் மேல் எடுத்துக்கொள்ளும். 13.5 வோல்ட்டில் 10 ஓம் காயில் தனியாக 18 வாட் சூடாகும். இப்படி மாட்டினால் நாலரை வாட்தான். மிச்சத்தில் இன்னொரு நாலரை வாட் ரெசிஸ்டரில் வரும், அதனால் 10 வாட் ரெசிஸ்டர் போட்டு, டேங்க், டியூப் இரண்டையும் விட்டுத் தள்ளி பிரேம் பைப்பில் கட்டுங்கள். ரெசிஸ்டரைக் கொண்டுபோய் வால்வு பக்கத்திலேயே கட்டினால் செய்த வேலைக்கு அர்த்தமே இல்லை.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கும். அந்த நேரத்தில் காயிலுக்குப் போவது 5 வோல்ட்கூட இருக்காது, பிளஞ்சர் விழுந்துவிடலாம். விழுந்தால் தானாக ஏறாது, சாவியை அணைத்துப் போட வேண்டும். இன்னொன்று அதிர்வு. ஒற்றை சிலிண்டர் புல்லட் ஐடிலில் நின்று ஆடுகிற ஆட்டத்தில் அரைகுறையாகப் பிடித்திருக்கும் பிளஞ்சர் கழன்றுகொள்ளும். அதனால் மாட்டியதும் ஹெட்லைட், ஹாரன் எல்லாம் போட்டு, ஐடிலில் பத்து நிமிஷம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்க வேண்டும். விழுந்தால் ரெசிஸ்டரைக் குறைத்து 6 அல்லது 7 ஓமாக்குங்கள்.

வால்வு அணையும்போது காயில் எதிர்த் திசையில் பெரிய வோல்ட்டை உதைக்கும், அது சுவிட்ச் முனையைக் கருக்கும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும், பரவாயில்லை, அதற்குத்தான் ஃப்யூஸ். இந்த டையோடு சூட்டைக் குறைக்காது, சுவிட்சைக் காப்பாற்றும்.

இடத்தை மாற்றினால் போதாதா?

பல வண்டிகளுக்குப் போதும். சிலிண்டர் ஹெட்டுக்கு நேர் மேலே தொங்கவிடாதீர்கள். காக்குக்குக் கீழே, கார்பரேட்டர் பக்கவாட்டில், காற்று படும் இடத்தில், பிரேமில் ஒரு இரும்புப் பட்டி அடித்து அதன் மேல் இறுக்கினால் பிரேமே சூட்டை இழுத்துக்கொள்ளும். பிரேமோடு ஒட்ட வைப்பதும் ரப்பர் டியூபில் அந்தரத்தில் தொங்க விடுவதும் ஒன்றல்ல, கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். காயிலைச் சுற்றி ஃபோம், டேப் எல்லாம் சுற்றி மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் கம்பளி போர்த்தின மாதிரிதான் அது.

வால்வைவிட கனெக்டர்தான் சுடுகிறது, பிளாஸ்டிக் உருகியிருக்கிறது.

அது காயில் சூடு இல்லை, களிம்பு. காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர் கடற்கரைத் தெருக்களில் இரவு வெளியே நிற்கிற வண்டிக்கு உப்புக் காற்று சும்மா விடாது. ஒயரின் செம்பு பச்சையாகி, ஒயர் முனையில் மாட்டிய உலோக லக்குக்கும் அதற்கும் நடுவே தடை உருவாகிறது. தடை இருக்கும் இடத்தில்தான் சூடு. சாவி போட்ட நிலையில் பேட்டரி பாசிட்டிவுக்கும் வால்வின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் எங்கோ களிம்பு. எர்த் பக்கமும் அதே மாதிரி. பச்சை ஏறிய ஒயரைச் சுரண்டி மறுபடி செருகுவதில் பயனில்லை, களிம்பு ஒயரின் உள்ளே இரண்டு மூன்று இஞ்ச் வரை போயிருக்கும். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, புது லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள்.

மழைத் தண்ணீரில் வண்டி மூழ்கிவிட்டது. வால்வு தேறுமா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய வண்டிகளுக்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகம். நின்ற வண்டி மூழ்கினால் வால்வு பெரும்பாலும் பிழைக்கும், காய வைத்து ஓம் பாருங்கள். ஓட்டிக்கொண்டு கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்குவதுதான் கொல்லும். 80 டிகிரியில் இருக்கும் காயில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஒயர் நுழையும் சந்து வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அன்றைக்கு ஓடும், சில வாரம் கழித்து உள்ளே துருப்பிடித்துப் போகும். காயிலின் ஒரு முனைக்கும் உலோக உடம்புக்கும் இடையே மீட்டரில் ஏதாவது ஓம் காட்டினால் உள்ளே ஈரம். மீட்டர் எந்த ஓமும் காட்டாமல் இருக்க வேண்டும்.

பெட்ரோல் திருட்டைத் தடுக்கத்தான் மாட்டினேன். பயன் உண்டா?

இல்லை. திருடுகிறவன் வால்வுக்கு மேலே உள்ள டியூபை இழுத்துவிட்டுப் பாட்டிலைப் பிடிப்பான். சாவி இல்லாமல் வண்டியையே ஓட்டிக்கொண்டு போகிறவனை அது கொஞ்சம் தடுக்கும், மிதவை அறையில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் நின்றுவிடும். என் அபிப்பிராயத்தில் இந்த வால்வுக்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: காக்கை மூட மறக்கும் பழக்கம், கூடவே பெட்ரோலை நிறுத்தும் ஊசி தேய்ந்துபோன கார்பரேட்டர். இரவெல்லாம் பெட்ரோல் இறங்கி இன்ஜின் ஆயிலில் கலப்பதை அது தடுக்கும். ஊசியை மாற்றினால் அந்தக் காரணமும் போய்விடும்.

எஃப்ஐ வண்டியில் டேங்குக்குக் கீழே ஏதோ டிக் டிக் என்கிறது, லேசாகச் சுடுகிறது.

அது வேறு வால்வு. எஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள) வண்டிகளில் டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கிறது, சாவி எடுத்தால் பம்ப் நிற்கும், வண்டி கவிழ்ந்தால் சென்சார் நிறுத்தும். தனியாக அடைப்பு வால்வு தேவையே இல்லை. டிக் டிக் என்பது, சில வண்டிகளில் டேங்க் ஆவியைக் கேனிஸ்டரில் இருந்து இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு. அப்படித்தான் சத்தம் போடும், விட்டுவிடுங்கள்.

சாவி போட்டு மறந்துவிட்டால் பேட்டரி இறங்குமா?

5 ஏஎச் பேட்டரி (ஒரு ஆம்ப் இழுத்தால் 5 மணி நேரம் வருவது), ஒன்றரை ஆம்ப் காயில் என்றால் மூன்று மணி நேரத்தில் காலி. 100 சிசி வண்டிகளின் 2.5 ஏஎச் பேட்டரி அதில் பாதி நேரம்கூடத் தாங்காது. பழைய 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் வால்வு திறக்கவே திறக்காது.

நடு ரோட்டில் வால்வு செத்துவிட்டால் வீடு வந்து சேர்வது எப்படி?

இதற்காகத்தான் வால்வு மாட்டும்போது கைக் காக்கைக் கழற்றாதீர்கள் என்று சொல்வது. காஸ் கிட் வால்வுகள் பலவற்றில் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை முறுக்கினால் கரண்ட் இல்லாமலே வழி திறக்கும். மாட்டும் முன்பே அது உண்டா, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திருகு இல்லாத வால்வு என்றால் டூல் பாக்ஸில் ஒரு பித்தளை ஜாயினரும் இரண்டு கிளிப்பும் போட்டு வையுங்கள். காக்கை மூடி, வால்வின் இரண்டு பக்க டியூபையும் கழற்றி, நடுவே ஜாயினரைச் செருகி, கிளிப் இறுக்கி, காக்கைத் திறந்தால் வண்டி பழைய வண்டி. வால்வுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். வீட்டு வாசலில் நிறுத்தியதும் காக்கைக் கையால் மூட வேண்டும், இனி அதைச் செய்ய வால்வு இல்லை.